எண் தெரியாத இரண்டு மரங்கள்

என் கணவர் மர்டோ இறந்து நான்கு மாதமாகிறது. பெர்த்ஷயரில், எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் காட்டுப் பூங்காவில் முப்பத்தொரு வருடம் மரங்களைப் பார்த்துக்கொண்டவர். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த இரண்டு மரங்கள்தான் வந்து நிற்கின்றன.

சிலி நாட்டில் அலெர்சே மரங்கள் அழிந்துகொண்டிருந்தன. அங்கே இரண்டு மலைகளில் எடுத்த விதையில் முளைத்த பதினோரு கன்றுகளை மர்டோ இங்கே நட்டார். என்றைக்காவது இவற்றின் விதை அந்தந்த மலைக்கே திரும்பிப் போகவேண்டும். அதனால் ஒவ்வொன்றிலும், எந்த மலை என்று காட்டும் எண் போட்ட ஒரு தகடு. எது எங்கே நிற்கிறது என்று வரைபடமும் போட்டுவைக்கச் சொல்லியிருந்தார்கள், கன்றுகளைக் கொடுத்த தாவரவியல் தோட்டக்காரர்கள். மர்டோ போடவில்லை. "என் மரம் எனக்குத் தெரியாதா?"

நட்ட பதினான்காம் வருடம், தகட்டுக் கம்பி பட்டைக்குள் இறங்குவதைப் பார்த்து எல்லாவற்றையும் கழற்றினார். மழை பிடித்துக்கொண்டது. நாளைக்குக் கட்டலாம் என்று பையில் போட்டுக்கொண்டு வந்தவர் நிமோனியாவில் மூன்று வாரம் படுத்துவிட்டார். எழுந்து போனபோது ஒன்பது மரங்களுக்குச் சரியாகக் கட்ட முடிந்தது. மிஞ்சிய இரண்டில் எது எந்த மலை என்று தெரியவில்லை.

"ஏதாவது ஒண்ணுல கட்டிட்டு வாயேன். மரமா வந்து சொல்லப்போகுது?" என்றேன்.

"நீ டீச்சரா இருந்தவ. பேரை மாத்திப் போட்டு மார்க் குடுப்பியா?"

"குடுத்திருக்கேன். அந்த ரெட்டைப் பசங்களுக்கு."

அவர் எழுந்து போய்த் தாவரவியல் தோட்டத்துக்குப் போன் செய்தார்.

இந்த மரங்களின் கணக்கை வைத்திருந்த ரோனா அங்கிருந்து வந்தாள்.

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது, மர்டோ."

"அதான் சொன்னேன்."

"இங்க விட முடியாதே. பெருசானப்புறம் யாராவது இதோட விதையையும் சேர்த்து எடுத்துத் தப்பான மலைக்கு அனுப்பிடுவாங்க."

"தோண்டி வேற இடத்துல வச்சா?"

"இந்தப் பாறையில வேரோட வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். சும்மா கேட்டேன்."

"ஆள் அனுப்பறேன்."

"வேணாம். நானே வெட்டிடறேன்."

மறுநாள் காலையில் ரம்பத்தோடு போனார். மணிக்கட்டுப் பருமன்தான், ஐந்து நிமிட வேலை. மாலைவரை வரவில்லை. மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். ஒன்று வெட்டுண்டு கிடந்தது. மற்றொன்றின் முன்னால் ஈரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கை வரல, எல்ஸ்பெத்."

ரம்பத்தை வாங்கி நான் அறுத்தேன். பக்கத்து மரத்தின்மேல் சாய்ந்துவிடாமல் அவர் தண்டைப் பிடித்துக்கொண்டார்.