கொம்பில்லாத பட்டிப்பொங்கல்

எங்களுக்குக் கலியாணம் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவர் என்னோடு மாட்டைப் பற்றியே கதைத்தார். யப்பானின் ஒரு மூலையில் கொம்பே முளைக்காத, கன்னங்கரேலென்ற இறைச்சி மாடுகள் இருக்கின்றனவாம். கொழுப்புக் குறைவென்று வாங்குவாரில்லாமல் அருகிப்போய்விட்டனவாம். கால்நடை ஆய்வுகூடத்தில் வேலைசெய்கிற அவர் போனில் அவற்றின் படத்தைக் காட்டும்போது முகத்தில் மாப்பிள்ளைக் களை வரும். எனக்கோ பொறாமை பற்றிக்கொண்டு வரும்.

பிறகு, அந்த மாடுகளைப் பெருக்கும் பண்ணையிலேயே அவருக்கு வேலை கிடைத்தது. தை கடைசியில் பயணம். என்னைக் கட்டுவதா இல்லையா என்று ஒரு சொல் இல்லை. கனடாவில், மார்க்கம் நகரத்து எங்கள் வீட்டில் நான் பாத்திரங்களை அடித்துக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான், மாட்டுக்குப் பொங்கிப் படைக்கும் பட்டிப்பொங்கலுக்கு, எங்கள் ஊருக்குக் கிட்ட ஒஷாவாப் பக்கம் ஒரு பண்ணைக்கு வாரும் என்று கூப்பிட்டார். அங்கே இருப்பவை அங்கஸ் மாடுகள். அந்தச் சாதி நாம்பன் காளையைக் கலந்ததால்தான் யப்பான் மாடுகளுக்கும் கொம்பில்லையாம். யப்பான் மாடுகளின் இனசனத்தைப் பார்த்துவிட்டுப் போகவேணுமாம்.

பனியில் கால் புதையப் புதைய நான் பொங்கலைச் சுமந்தேன். அவர் பூமாலையும் ஒரு பையும் கொண்டுவந்தார். கொட்டிலுக்குள் பண்ணைக்கார வெள்ளைக்காரி ஒரு சாதுவான பசுவைப் பிடித்துத் தந்தாள். அவர் பையைத் திறந்தார். உள்ளே சிவப்புப் பெயின்ற், மஞ்சள் பெயின்ற், தூரிகைகள். ஊர் வழக்கப்படி கொம்புக்குப் பூச!

அவர் பசுவைப் பார்த்தார். பசுவும் அவரைப் பார்த்தது. கொம்பில்லாத மாடு, கொம்பில்லாத மாடு என்று மாதக்கணக்காக என் காதைத் தின்ற மனிசன். நான் வைக்கோலில் விழுந்து வயிறு நோகச் சிரித்தேன். அதற்குள் பசு மாலையை எட்டிப் பிடித்துத் தின்னத் தொடங்கியிருந்தது.

அவருக்குக் காது சிவந்துவிட்டது. "நேற்று முழுக்க நித்திரையில்லை," என்றார். "இண்டைக்கு உம்மட்டை ஒண்டு கேக்கவேணும். அதைத் தவிர மண்டைக்குள்ள ஒண்டும் ஓடேல்ல."

"கேளுங்கோவன்."

வாயைத் திறந்தார். திரும்ப மூடினார். பசு மென்றுகொண்டு காத்திருந்தது. எனக்குப் பொறுமை கிடையாது. தூரிகையை மஞ்சளில் தோய்த்து, கொம்பு முளைக்கக்கூடிய இடம் பார்த்து, அவர் நெற்றியின் இரண்டு பக்கமும் பொட்டு வைத்தேன்.

"நானும் யப்பானுக்கு வாறன். அம்மாவிட்டை நீங்கள்தான் சொல்லவேணும்."

திரும்பும் வழியெல்லாம் காரணமில்லாமல் சிரித்தோம். வீட்டில் கதவைத் திறந்த அம்மா அவருடைய நெற்றியைப் பார்த்தார், பிறகு என் கையில் ஒட்டியிருந்த மஞ்சள் பெயின்றைப் பார்த்தார். உள்ளே போய், அவருக்கும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை எடுத்துவைத்தார்.