ஆடிக்கு முன் கழற்றிய விறகடுப்பு

அடுப்பைக் கழற்றிய அன்று வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் கணவர், ஊஸ்டரில் இருந்து முதல் ரயிலில் வந்த அவருடைய அக்கா, ஹீட்டிங் கொம்பனி முதலாளி, அவருடைய வேலையாட்கள் இருவர். பிறகு ஆளுக்கொரு கதை சொன்னபடியால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

லாங்கன்தாலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு மிகப் பழையது. நிலக்கீழ் அறையில் இருந்த பெரிய விறகடுப்புத்தான் குளிர்காலம் முழுக்க வீட்டைச் சூடாக்கியது. கணவருக்கு முதுகில் ஒப்பரேசன் செய்த பிறகு விறகு கொத்துவதும் சுமப்பதும் என் தலையில் விழுந்தது. முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்த்துவிட்டு வந்து கொத்துவேன். அடுத்த சோதனையில் இந்த அடுப்புத் தேறாது என்று புகைபோக்கி துப்புரவாக்க வந்தவரும் சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு என் நித்திரை போயிற்று.

வெளிக்காற்றில் இருந்து சூட்டை இழுக்கும் பம்ப் போடுவதென்று முடிவெடுத்தோம். வங்கி கொஞ்சம் தந்தது. மிச்சத்துக்குக் கன்டோன், அதாவது மாநில அரசு, தரும் உதவிப் பணத்தையே நம்பினோம். அவர்களின் சம்மதக் கடிதம் வரமுன் வேலையில் கை வைத்தால் ஒரு சதமும் கிடையாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். படிவத்தில் இருந்த அதை வாசித்துச் சொன்னது கணவர்தான்.

அப்போது கணவரின் அக்கா, என் மச்சாள், போன் எடுத்தா. "தம்பி, வாற கிழமை ஆடி பிறக்குது. அடுப்பெண்டால் லட்சுமியடா. ஆடியிலை அதைக் கழட்டினா வீடு விளங்குமோ?"

"கடிதம் இன்னும் வரேல்லை அக்கா."

"கடிதம் எப்பவும் வரும். வெள்ளைக்காரனுக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது."

"ஆவணி மட்டும் பொறுத்தா என்ன மச்சாள்?" என்று நான் போனுக்குக் கிட்டப் போய்க் கேட்டேன்.

"நீர் உப்பிடிப் பயந்து பயந்துதானே நரைச்சுப் போனீர்."

அந்தக் கிழமையே வேலைக்கு வந்த கொம்பனி முதலாளி சம்மதம் வந்துவிட்டதா என்று கேட்டபோது, கணவர் "யா, யா" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவருக்குக் கோப்பி ஊற்றினேன்.

மச்சாள் அடுப்புக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினா. வேலையாட்கள் இருவரும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார்கள். செத்தவீடு என்று நினைத்தார்களோ தெரியாது. மத்தியானத்துக்குள் அடுப்பைத் துண்டு துண்டாக வெட்டித் தங்கள் வான் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

பிறகு நாட்கள் போயும் கடிதம் வரவில்லை. தபால்காரரைக் கண்டாலே வாசலுக்கு ஓடுவேன். கடைசியில் கணவர் வெளியே போன நேரம் பார்த்து நானே உதவிப் பணம் தரும் அரசாங்கக் கந்தோருக்குப் போன் எடுத்தேன். "அடுப்பைக் கழற்றிவிட்டோம், பிழை இல்லையா?" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன். எந்தத் திகதி என்று அந்தப் பெண் தன்மையாகக் கேட்டாள். சொன்னேன். அவள் அதைத் தட்டி எழுதும் சத்தம் கேட்டது. பிறகு, இதை மறைக்க ஏலாது என்று சொல்லித் தன்னை மன்னிக்கச் சொன்னாள்.

மறுப்புக் கடிதம் வந்த அன்று கணவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"உம்மட்டை ஆர் கேட்டது? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே."

"எனக்குப் பயமா இருந்தது."

"இப்ப பயம் போட்டுதோ?"

மச்சாளிடம் சொன்னபோது, "நல்ல நாளிலை ஒரு கல்லை வையுங்கோ எண்டுதான் சொன்னன். அடுப்பைத் தூக்கச் சொன்னனோ?" என்றா.

பிறகு பூட்டிய பம்பில் பிழை இல்லை, வேலை செய்கிறது. கரண்ட் காசுக்குப் பயந்து சூட்டைக் குறைத்து வைத்துவிட்டு, வீட்டுக்குள் ஜக்கெட்டோடு இருக்கிறோம். விறகுக்குத் திரும்பிப் போகவும் அடுப்பு இல்லை. வங்கி இனித் தராது. வீட்டை விற்போம் என்று கணவர் சொல்லத் தொடங்கிவிட்டார். முதலாளி நல்ல மனிதர், தவணை போட்டுத் தந்தார். முதல் தவணையே இன்னும் கட்டவில்லை. அவருக்குக் கொடுக்க வேண்டியது பதினோராயிரத்து நானூறு பிராங்.