மாமா தேறினார்

அக்காவைக் கட்டிக்கொண்ட மாமா லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் ஓடும் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு பழுது பார்ப்பதுதான் வேலை. ஊர் சுற்றுவதில் அவருக்குத் துளியும் ஆசை கிடையாது. யாராவது சுற்றுலா என்று பேச்செடுத்தால், "தினம் ஏறி இறங்கியே கால் கழண்டு போகுது. லீவு நாள்லயும் ஏறணுமா?" என்பார். லீவு நாளில் அவருடைய மகள்தான் அவர் முதுகில் ஏறிக்கொண்டிருப்பாள்.

அந்தக் குட்டி எட்டு வயதில் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. அடுத்த தெருவிலிருந்து நான் சாப்பாடு கொண்டுபோவேன். பெரும்பாலும் அப்படியே திருப்பி எடுத்து வருவேன். அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். கடையில் அவள் கை ஒருநாளும் நடுங்கியதில்லை. வீட்டுக்கு வந்தால் குட்டியின் கட்டிலில் போய் உட்கார்ந்துவிடுவாள். மாமாவுக்குத் தூக்கமே போயிற்று. ஒருநாள் மெயின் சுவிட்சை அணைக்காமல் மோட்டாரில் கை வைக்கப் போனார். கூட வேலை செய்த வயரிங்காரர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார்.

அந்த வயரிங்காரர் பாறை ஏறும் குழு ஒன்றில் இருந்தார். "நீ சும்மா வா. பேச வேண்டாம், சிரிக்க வேண்டாம். ஏறினா போதும்" என்று மாமாவைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப் போகாத குறையாக மலைக்குக் கூட்டிப்போனார்.

மாமா திரும்பி வந்தபோது நானும் அக்கா வீட்டில் இருந்தேன். மூக்குத் தோல் உரிந்திருந்தது, முழங்காலெல்லாம் சிராய்ப்பு. தட்டு காலியானதும், "இன்னும் கொஞ்சம் போடு" என்றார். அக்கா போட்டாள். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

"அவருக்குப் பசிக்குதுடி" என்றாள் என்னிடம்.

மாமா அதற்குப் பிறகு விடவில்லை. பாறை, காட்டாறு, பனி மூடிய முகடு என்று லீவு கிடைத்தபோதெல்லாம் கிளம்பினார். "கை வைக்க இடம் தேடறப்போ மனசுல வேற எதுவும் ஓடாது. அந்தக் கொஞ்ச நேரம் மூச்சு விட முடியுது" என்று என்னிடம் சொன்னார். தூக்கம் வந்தது. குட்டியின் குறும்புகளைச் சொல்லிச் சிரிக்கவும் முடிந்தது. அவர் சிரித்தால் அக்கா எழுந்து போய்விடுவாள்.

தன்னைத் தூக்கிவிட்டது அவளையும் தூக்கிவிடும் என்று மாமா முழுசாக நம்பினார். கெஞ்சிக் கூத்தாடி ஒருமுறை சம்மதிக்க வைத்தார். துணைக்கு நானும் போனேன். செங்குத்தான பாதை, நான் பாதியிலேயே நாக்குத் தள்ளி நின்றேன். அக்காவோ மளமளவென்று ஏறினாள். உச்சியில் காற்று எங்களை ஆளுக்கொரு பக்கம் தள்ளியது. மேகம் காலுக்குக் கீழே கிடந்தது. அக்கா கைகளை விரித்துக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்த கணமே மடிந்து உட்கார்ந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் அழுத அழுகையை நான் ஆஸ்பத்திரியில்கூடப் பார்த்ததில்லை.

"என்னம்மா? எங்க வலிக்குது?" என்று மாமா பதறினார்.

"மறந்துட்டேங்க. ஏறி வர்ற வரைக்கும் அவ நெனப்பே வரல."

"அது நல்லதுதானேம்மா."

அக்கா அவரை யாரோ எவரோ என்பதுபோலப் பார்த்தாள். இறங்கும்போது அவர் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை.

மாமா மலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அவளுக்காகத்தான். மறுபடி கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்தது. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்தார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த அக்கா, ஒரு காலையில் தானே அவருடைய பையை அடுக்கி வாசலில் வைத்தாள்.

"நீங்க நல்லா இருக்கறதையும் என்னால பாக்க முடியல, இப்படிக் கரையறதையும் பாக்க முடியல. போங்க. கோவத்துல சொல்லல."

"நீயும் வாயேன்" என்றார் மாமா.

"எனக்குத் தேற வேண்டாங்க."

மாமா இப்போது மலையடிவாரத்திலேயே தங்கி, புதிதாக வருகிறவர்களுக்குக் கயிறு கட்டிப் பாறை ஏறக் கற்றுத் தருகிறார். போன மாதம் போய்ப் பார்த்தேன். உடம்பு தேறியிருந்தது, முகத்தில் வெளிச்சம் இருந்தது. வந்திருந்தவர்களைக் கிண்டலடித்துச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். என்னைத் தனியே அழைத்துப்போய், "அவ தூங்கறாளா?" என்று கேட்டார். "தினம் கடைக்குப் போறா மாமா" என்றேன். மேலே யாரோ கூப்பிட்டதும் போனார்.

திரும்பி வந்து நேரே அக்காவின் கடைக்குப் போனேன்.

"எளச்சிருக்காரா?"

"இல்லக்கா. நல்லா இருக்காரு."

"நல்லாத்தான் இருக்கட்டும்" என்றாள். கையிலிருந்த லென்ஸைத் துணியால் துடைத்தாள். அது சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.