நாய் கக்காத நுரை

நகராட்சித் தோட்டத் துறையில் மூன்றாம் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அலுவலகம் கொடுத்த பதவிப் பெயர் ஒன்று உண்டு. ஒன்றரை வரி நீளம். அவருக்கே முழுதாக ஞாபகமில்லை. ஊர் வைத்த பெயர் நுரையம்மா. நாலு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் போதும், வீட்டின் முன் புல்தரை வைத்திருக்கிறவர்கள் எல்லாம் புல்லில் கிளம்பிய நுரையையும் கொழகொழப்பையும் டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். அவர் மூடியைத் திறந்து, குனிந்து பார்த்து, மோந்தும் பார்த்து, இன்னது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்.

வேலைக்குச் சேர்ந்தது என்னவோ தட்டச்சராகத்தான். அந்த நாற்காலியில் இருந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். புது ஆள் வருவார் வருவார் என்றார்கள், வரவே இல்லை. நுண்ணோக்கியில் தூசி படிகிறதே என்று துடைக்கப் போனவர், சரியாகத் துடைத்தோமா என்று அதில் கண்ணை வைத்தார். அவ்வளவுதான், ஆள் மயங்கிவிட்டார். அந்த மயக்கத்துக்கு இப்போது இருபத்திரண்டு வயது. புல் தண்டில் யாரோ எச்சில் துப்பினாற்போல் இருந்தால், உள்ளே ஒரு குட்டிப் பூச்சி வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறது என்று எழுதுவார். ஒருத்தர் பதறிக்கொண்டு எடுத்துவந்த நுரை, அவருடைய சம்சாரம் கோபத்தில் சன்னல் வழியாக விட்டெறிந்த சவர நுரை. அதையும் அப்படியே எழுதினார். தப்பான சீட்டு ஒன்றுகூட அவர் கையிலிருந்து போனதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, என்ன கெட்டுப்போயிற்று?

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். பிரிட்ஜைத் திறந்து ஏதாவது டப்பா கண்ணில் பட்டால், "இது திங்கிறதா, ஆபீஸா?" என்று உரக்கக் கேட்காமல் கை வைக்க மாட்டார். ஒரே ஒரு தடவை கேட்காமல் திறந்துவிட்டு, இரண்டு நாள் சாப்பாட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் முன்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு புல்தரை. கீழ்வீட்டில் ஒரு தையல்காரர். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. ஒரு கிழட்டு நாய் மட்டும் உண்டு, எலும்பை எண்ணிவிடலாம். அதை அவர் 'தம்பி' என்று கூப்பிடுவார். தைக்கிற மிஷின் ஓடும்போது தம்பி அதன் கீழே படுத்திருக்கும், பெடலோடு சேர்ந்து அதன் தலையும் ஆடும்.

அந்த வருஷம் மழை விட்ட மறுநாள், புல்தரையின் நட்டநடுவில் வெளிர்மஞ்சளாக ஒரு நுரை, முறத்தளவு. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அதைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், தீர்ப்பு முடிந்துவிட்டது. நாய் கக்கிவிட்டது, நாய்க்கு நோய். நோயுள்ள பிராணிகளை வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது என்று சங்க விதி சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.

தையல்காரர் பித்தான் டப்பாவில் நுரையை அள்ளிக்கொண்டு சன்னலுக்கே வந்துவிட்டார்.

"அம்மா, தம்பி தின்னதெல்லாம் உள்ளேயேதான் வெச்சிருக்கான். நான் பக்கத்துலயே இருந்தேன்மா. அவனை அனுப்பிட்டா நான் யார்கிட்டம்மா பேசுவேன்?"

நுரையம்மா மூடியைத் திறந்தார். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணா, இது கக்கினதே இல்ல. கவலைப்படாம போங்க. கூட்டத்துல நானே வந்து சொல்றேன்."

சொன்னார். அதுதான் வினை.

கூட்டத்தில் எழுந்து நின்று, சன்னலில் பேசுகிற அதே குரலில், ஒரே வார்த்தையாகச் சொன்னார்: "சளிப்பூஞ்சை."

சபை 'அடப்பாவமே' என்றது. செயலாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே உரக்கப் படித்தார்: "நாய்க்குச் சளி. உடம்பும் பூஞ்சை. மேடமே பார்த்து உறுதி செய்தார்."

"ஐயோ, நாய்க்கு இல்லீங்க! புல்லுல!"

"புல்லுக்குச் சளி பிடிக்குமா மேடம்?"

"நாய்கிட்டேருந்து ஒட்டிக்கிச்சா?" என்று மாடிவீட்டு அம்மாள் காலை மேலே தூக்கிக்கொண்டார்.

நுரையம்மா விளக்கினார். அது செடியுமில்லை, பிராணியுமில்லை, காளானுமில்லை; ஈரத்தில் கிளம்பி, தானாக ஊர்ந்து போய், அழுகலில் இருக்கிற நுண்ணுயிரைத் தின்னும்; நாலு நாளில் காய்ந்து பொடியாகிவிடும்; யாரையும் ஒன்றும் செய்யாது. விளக்க விளக்கக் கேட்டவர்கள் முகத்தில் கலவரம்தான் கூடியது. ஊர்ந்து போகிற சளியை யார்தான் வாசலில் வைத்துக்கொள்வார்கள்? புதன்கிழமைக்குள் நாயை வெளியே அனுப்ப வேண்டும் என்று முடிவாயிற்று.

படியிறங்கும்போது தையல்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம்மா," என்றார்.

நுரையம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் சரியான பெயரை எழுதிக் கொடுத்தோமே, வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு என்ன புரிந்தது என்று ஒரு நாளாவது கேட்டோமா? நல்ல பெயரைச் சொல்லி ஒரு வாயில்லா ஜீவனுக்கு உலை வைத்தாயிற்று.

மறுநாள் சாயங்காலம் நேராகச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினார். "இனிமே பெயர் சொல்ல மாட்டேன். நீங்களே பாருங்க. நுரையைச் சுத்திக் குச்சி நடறேன். நாய் காலைவரைக்கும் எங்க வீட்டுல இருக்கட்டும். வெளியே பூட்டிச் சாவியை நீங்களே வெச்சுக்குங்க. நுரை குச்சியைத் தாண்டியிருந்தா அது கக்கினதில்லை. கக்கினது நடந்து போகாது."

செயலாளருக்குப் பூட்டுவது என்றால் ஒரு பிரியம். தன் வீட்டுப் பூட்டையே கொண்டுவந்து போட்டு, இரண்டு தரம் இழுத்தும் பார்த்தார்.

உள்ளே மூன்று ஜீவன்கள். நுரையம்மாவுக்கு நாய் என்றால் குலை நடுக்கம். சாப்பாட்டு மேசை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரருக்கோ கொண்டாட்டம். "பாவம், எலும்பும் தோலுமா இருக்கான். போட்டா என்ன?" என்று பிரிட்ஜிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டினார்.

"எதை எடுக்கிறீங்கன்னு பார்த்து எடுங்க!"

"கேட்டுட்டுதானே எடுக்கிறேன்?"

"யார்கிட்ட கேட்டீங்க?"

"தம்பிகிட்ட."

விடிந்ததும் விடியாததுமாக வீட்டுக்காரர் சீருடை மாட்டிக்கொண்டு பால்கனியிலிருந்து கத்தினார்: "ஐயா, கதவைத் திறங்க! முதல் பஸ் எனக்காக நிக்குது!"

செயலாளர் சாவியோடு கிளம்பினார். புல்தரையைத் தாண்டும்போது நின்றுவிட்டார். நுரை குச்சிகளைத் தாண்டி ஒரு சாண் போயிருந்தது. போனதோடு விடவில்லை, முந்தின ராத்திரி நடைக்குப் போய் வந்து அவர் புல்லோரம் கழற்றிப் போட்டிருந்த ஷூவின் மேலும் ஏறி உட்கார்ந்திருந்தது.

கால் மணி நேரத்தில் சங்கமே கீழே கூடிவிட்டது. செயலாளர் ஷூவைப் பார்த்தார், கையிலிருந்த சாவியைப் பார்த்தார். மனிதர் பிடிவாதக்காரரே ஒழிய பொய்யர் இல்லை. குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

"என்னன்னு எழுதட்டும் மேடம்?"

"நுரை நடந்ததுன்னு எழுதுங்க. போதும்."

"நுரை நடந்தது. நாய் நடக்கவில்லை. தீர்மானம் ரத்து," என்று படித்துக்கொண்டே எழுதிக் கையெழுத்தும் போட்டார். தையல்காரர் பொங்கி வந்த கண்ணைத் தோளில் கிடந்த இஞ்சுடேப்பாலேயே துடைத்துக்கொண்டார்.

பூட்டு திறந்தது. தம்பி படியில் உருண்டு புரண்டு ஓடிவந்து தையல்காரர் மேல் தாவியது. புல்தரையை இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு கூட்டத்துக்கு நடுவில் நின்று, கழுத்தை நீட்டி, முதுகை வளைத்து, வீட்டுக்காரர் ஊட்டியது அத்தனையையும் மொத்தமாகக் கக்கியது.

செயலாளரின் பேனா மூடி மறுபடி கழன்றது.

"சளிப்பூஞ்சைங்க!" என்றார் தையல்காரர். சொல்லிவிட்டு நுரையம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் நுரையம்மாவைத்தான் பார்த்தார்கள்.

நுரையம்மா பக்கத்தில் போனார். குனிந்தார். முறைப்படி மோந்தும் பார்த்தார்.

"ஆமா," என்றார். "அதேதான்."

"பார்த்தீங்களா, அதுக்குள்ள இங்கேயும் நடந்து வந்துடுச்சு," என்று செயலாளர் குறிப்பேட்டை மூடினார்.