மாரித்தாய் வராமல் கேமரா ஓடாது

பூமாரி தன் கல்யாணத்துக்குப் போட்டோக்காரர் பிடிக்கத் தானே கிளம்பினாள். எழுபத்தொன்பதில், சங்கரன்கோவிலில், கல்யாணப் பெண் இப்படிக் கடை கடையாக ஏறி இறங்கினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். பேசினார்கள். மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீசில் ஐந்து வருஷம் டைப் அடித்தவளுக்கு, அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கத் தெரிந்திருந்தது.

"ஏட்டி, நல்ல ஆளா நான் சொல்லிவிடுதேன். நீ வீட்ல கெட" என்றார் தாய்மாமன் பொன்னுச்சாமி.

"பந்தல், மேளம், சாப்பாடு எல்லாம் நீங்க பாருங்க மாமா. போட்டோ மட்டும் நான் பாக்கேன்."

"படத்துல மூஞ்சி வெள்ளையா விழணும்னு கவலப்படுதா!" என்று மாமா சிரித்தார். பூமாரி சிரிக்கவில்லை. அவளுடைய கவலை அவளுடைய முகத்தைப் பற்றியதே அல்ல. அம்மா மாரித்தாயைப் பற்றியது.

பூமாரிக்கு நாலு வயதாக இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அதன் பிறகு மாரித்தாய் களையெடுத்து, பருத்தி எடுத்து, மிளகாய் வற்றல் காயப்போட்டு மகளைப் பள்ளிக்கூடத்துக்கும் டைப் கிளாசுக்கும் அனுப்பினாள். இத்தனையும் செய்தவள் மகள் கல்யாணத்தில் மணவறைப் பக்கம் வரக்கூடாதாம். தாலி இல்லாதவள் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக்கூடாதாம். இந்த வழக்கத்தை உண்டாக்கியது யார் என்று தெரிந்தால் பூமாரி நேரிலேயே போய்ச் சண்டை போட்டிருப்பாள். போன வருஷம் பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். அந்தப் பெண்ணின் அம்மாவும் இதே கதைதான், அரிசிச் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஆல்பத்தைப் புரட்டினால் அந்தப் பெண்ணுக்குத் தாயே கிடையாது என்றுதான் நினைக்கத் தோன்றும்.

என் ஆல்பம் அப்படி இருக்காது என்று பூமாரி முடிவு செய்துவிட்டாள். அம்மாவிடம் கேட்டும் பார்த்தாள்.

"சும்மா கெட மக்கா" என்றாள் மாரித்தாய். "ஒன் மாமியா வழக்கம் பாக்கிறவ. எதுக்கு வம்பு?"

அது நிஜம்தான். மாப்பிள்ளை இசக்கிப்பாண்டியின் அம்மா ஆறுமுகத்தாய் திருவேங்கடத்துக்காரி. நிச்சயத்தன்று தாம்பாளத்தில் வெற்றிலை நுனி திசைமாறி இருந்ததென்று அத்தனை பேர் முன்னால் திருப்பி அடுக்கச் சொன்னவள்.

முதலில் போன ஸ்டுடியோவில் அருவி வரைந்த திரைக்கு முன்னால், நொடிக்கொரு தரம் தலைசீவிக்கொள்ளும் முதலாளி இருந்தார். பேச்சே எடுக்காமல் திரும்பிவிட்டாள். இரண்டாவது ஞானரத்தினம் ஸ்டுடியோ. படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு அழகு.

"யாராவது நிக்கமாட்டேன்னு சொன்னா என்ன செய்வீக?" என்று கேட்டாள்.

"வற்புறுத்த மாட்டேம்மா. அவங்க இஷ்டம்" என்றார் ஞானரத்தினம். தங்கமான மனுஷர். தங்கமான மனுஷர் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

மூன்றாவது ஹபீப் முகம்மது. அவள் படியேறும்போதே உள்ளே சத்தம் கேட்டது. "ஏட்டையா, நாடிய எறக்கும்! எறக்கும்னு சொல்லுதேன்லா. நான் சொல்லுத வரைக்கும் மூச்சு விடாதியும்!" எட்டிப் பார்த்தால், கடைத்தெருவையே மிரட்டுகிற போலீஸ் ஏட்டு, மோவாயை இறக்கி, குடும்பத்தோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சுவரில் மாட்டியிருந்த படங்கள் சுமார்தான். பூமாரி அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆள் கிடைத்துவிட்டார்.

ஏட்டு போனதும் விஷயத்தைச் சொன்னாள். ஹபீப் முகம்மது லென்ஸைத் துடைத்து வைத்துவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தார்.

"ரெண்டு ரோல், இருவத்தினாலு படம். மொதப் படம் ஒங்க அம்மைக்கு. அத எப்படி எடுக்கதுன்னு நான் பாத்துக்கிடுதேன். நீ தலைய நிமித்தவும் கூடாது, வாயத் தொறக்கவும் கூடாது. சரியா?"

"சரி அண்ணாச்சி."

மிச்சம் இருபத்து மூன்றையும் பங்கு போட்டுக் காகிதத்தில் எழுதினார்கள். தாலிகட்டுக்கு இரண்டு, மாமாவுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்பது, கோபித்துக்கொள்ளக்கூடிய சொந்தங்களுக்குப் பத்து. ஆபீஸ்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று.

ஆவணி மாதம், கோவிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் மணவறையில் உட்கார்ந்தாயிற்று. ஹபீப் முகம்மது கேமராவுக்குள் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"பொண்ணோட அம்மை எங்க? மொதப் படம் தாயும் மகளும்தான். அது விழாம ரோல் நகராது. இந்தக் கேமராவோட கொணம் அப்படி."

மண்டபம் சலசலத்தது. பொன்னுச்சாமி மாமா எழுந்து, "கேமராவுக்கு ஏது வே தாயும் பிள்ளையும்?" என்றார்.

"அப்படியா? நீரே வந்து எடும்" என்று ஒதுங்கி நின்றார் ஹபீப் முகம்மது. மாமா உட்கார்ந்துவிட்டார்.

நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தினார். அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மாரித்தாய், தன்னைக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் சோற்று அண்டாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். "நான் வரமாட்டேன்" என்ற குரல் மட்டும் வந்தது. அப்போது முன்வரிசையில் ஆறுமுகத்தாய் எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுக்களையைப் பார்த்து நடந்தாள். அம்மாவை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மாலையைக் கழற்றி வைத்துவிடுவதென்றே பூமாரி நினைத்தாள்.

"மயினி, எம் மவன் கல்யாணத்துல படம் விழலன்னா ஊரு ஒங்களத்தான் பேசும். எந்திரிங்க!"

ஆறுமுகத்தாய் மாரித்தாயின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துவந்து பூமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். மாரித்தாயின் விரலெல்லாம் தேங்காய்ப்பூ.

"வே போட்டோக்காரரே, இப்ப ஓடுமா?"

"பறக்கும் அக்கா!"

வெளிச்சம் வெட்டியது. மாரித்தாய் விட்டால் போதுமென்று திரும்பினாள். ஆறுமுகத்தாய் கையை விடவில்லை. "எங்க போறிய? தாலி கட்டையில திரும்பவும் நின்னுபோச்சுன்னா என்ன செய்ய? இங்கனயே நில்லுங்க" என்றாள். ஆக, குலவை எழும்ப மகள் கழுத்தில் தாலி ஏறியதை மாரித்தாய் கை எட்டும் தூரத்தில் நின்று பார்த்தாள். அவள் அழுதாள், பூமாரியும் அழுதாள், பிறகு இருவருமே சிரித்துவிட்டார்கள். அவ்வளவு சந்தோஷமாக அந்தத் தாயும் மகளும் அதற்கு முன் சிரித்ததில்லை.

பத்து நாள் கழித்துத் திருவேங்கடத்து வீட்டுக்கு ஆல்பம் வந்தது. ஆறுமுகத்தாய் முதல் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். பூமாரிக்கு உறுத்தியது. நல்லது செய்தவளை ஏமாற்றிவிட்டோமே என்றிருந்தது.

"அத்தே, ஒரு பொய் சொல்லிட்டோம். கேமரா கொணம், அது இதுன்னு…"

"சாவியத் திருகினா ரோல் நகரும். எனக்குத் தெரியாதாக்கும்? எந் தம்பி கோவில்பட்டில போட்டோக்கடைதான் வச்சிருக்கான்."

"பெறகு ஏன் அத்தே…"

"நிச்சயத்தன்னிக்கு ஒங்க அம்மை கதவுக்குப் பின்னால நின்னு எட்டிப் பாத்தா. அன்னையிலிருந்து எனக்குச் சோறு எறங்கல. நானாக் கூப்பிட்டா எங்க ஆளுவ விடுவாகளா? ஒரு சாக்குக் கெடைக்காதான்னு இருந்தேன். அந்த மனுஷன் கொண்டாந்து குடுத்தாரு."

ஆல்பத்தை மூடாமலே அவள் மருமகளைப் பார்த்தாள்.

"தையில எஞ் சின்ன மவளுக்குக் கல்யாணம். அவரையே சொல்லிவிடு. அந்தக் கேமராவுக்குப் பொண்ணோட சித்தியும் வந்து நிக்கணும்னு சொல்லச் சொல்லு. எந் தங்கச்சி, தாலி போனதுலருந்து பதினோரு வருசமா எல்லாக் கல்யாணத்துலயும் அடுக்களையிலதான் கெடக்கா."