இரண்டு குட்டை, ஒரு நெட்டை

செய்தி வந்தபோது நான் பசாரில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தனம் அக்காவின் மகள் கவிதா அழைத்திருந்தாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க." கடைக்காரர் கூப்பிடக் கூப்பிட, எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுக் காருக்கு நடந்தேன்.

செங் வட்டாரத்தில் எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த உங்களுக்குத் தனம் அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐம்பத்திரண்டு வயது. எங்கள் லைன் லீடர். இருபது வருடம் என்னோடு ஒரே லைனில் நின்றவர். அந்த இயந்திர இரைச்சலில், காதை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆளைக் கூப்பிடத் தொண்டை போதாது. அக்கா இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிப்பார். ஆளுக்கு ஒரு விசில். எனக்கு இரண்டு குட்டை, ஒரு நெட்டை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அஸ்மானுக்கு ஒரே நெட்டை. சிறு வயதில் ரப்பர் தோட்டத்தில், பால் லோரி வந்துவிட்டது என்று தூரத்தில் நிற்கும் அப்பாவுக்குச் சொல்லப் பழகியதாம்.

எங்கள் தாமான் குடியிருப்பின் கோயில் அன்னதானத்தில் ஒருமுறை, பந்தியின் அந்தக் கோடியில் நின்ற சாம்பார் வாளியைப் பார்த்து விசிலடித்துவிட்டார். கமிட்டிக்காரர் ஒருவர் விறுவிறுவென்று வந்தார். "என்னம்மா இது, பொம்பள விசிலடிக்கிறதா, அதுவும் கோயில்ல?" அக்கா இலையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சாமிக்கு நீங்க சங்கு ஊதுறீங்கண்ணே, சாம்பாருக்கு நான் ஊதுறேன். பாருங்க, வந்துடுச்சு." வாளி உண்மையிலேயே வந்து நின்றது. சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

இனி எழுத வேண்டியது எனக்குக் கடினமானது. ஆனால் அதை விட்டுவிட்டு எழுதினால் அக்கா என்னை விடமாட்டார்.

கடைசியாக வேலைக்கு வந்த அந்த வாரம் அவருக்குச் சளிக்காய்ச்சல். வைரஸ்தான் என்று கிளினிக்கில் மருந்தும் இரண்டு நாள் எம்சி விடுப்பும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் இருமிக்கொண்டே வேலைக்கு வந்துவிட்டார். பத்து மணிக்கு ஒரு பெரிய இருமல். அதோடு வலது விலாவைப் பிடித்துக்கொண்டு, "சுளீர்னு இழுக்குதுடி மேகலா" என்றார். மூச்சு மேலே மேலே வாங்கியது. எங்கள் லைனில் யாருக்கு விலாவில் வலித்தாலும் எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான். வாயு பிடித்திருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள், ஓமத் தண்ணீர் கொண்டுவர இன்னொருத்தி ஓடினாள், நான் லாக்கரிலிருந்து தைலத்தை எடுத்தேன். உட்காரவைத்து முதுகில் தேய்த்தேன், விட்டு விட்டு ஒன்றரை மணி நேரம். நடுவில் அஸ்மானைக் கூப்பிட அவர் விரலை வாயில் வைத்தார். வெறும் காற்றுதான் வந்தது. "என்னக்கா, விசில் பஞ்சராயிடுச்சா?" என்று நான் சிரித்தேன். அவரும் சிரிக்கப் பார்த்தார். பிறகு அஸ்மானின் வண்டி பக்கமாக வந்தபோது கை தட்டிக் கூப்பிட்டார்.

அஸ்மான் சிரிக்கவில்லை. இருபது வருடத்தில் இல்லாமல் இன்று ஏன் கை தட்டுகிறார் என்று வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். அவருடைய உதட்டைப் பார்த்தான். "இனி புக்கான் ஆங்கின் லா, காக்" என்றான் என்னிடம். மலாயில், இது வாயு இல்லை அக்கா என்று. உதடு நீலம் பாய்ந்திருந்ததை அப்போதுதான் நான் பார்த்தேன். அவன்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான்.

மருத்துவமனையில் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கிருமியால் புண்பட்டிருந்த நுரையீரல், இருமிய வேகத்தில் ஓரிடத்தில் கிழிந்துவிட்டதாம். மூச்சுக்காற்று அந்த வழியாகக் கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் சேர்ந்து, நுரையீரலையே அமுக்கிச் சுருக்கிவிட்டதாம். உடனே விலாவில் குழாய் செருகிக் காற்றை வெளியே விட்டார்கள். குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு தண்ணீர்க் குப்பிக்குள் இருந்தது. இருமும்போதெல்லாம் அதில் குமிழி வந்தது.

மூன்றாம் நாள் கொஞ்சம் தெளிந்திருந்தார். நான் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதேன். "நான்தான்க்கா நேரத்தக் கடத்திட்டேன். தைலத்தத் தேய்ச்சிக்கிட்டே இருந்துட்டேன்."

அக்கா குப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிச் சொன்னார்: "அடுத்த தடவ மொதல்ல ஆம்புலன்ஸக் கூப்புடு. அப்புறம் தேய். தேய்க்காம மட்டும் இருந்துடாதடி, நல்லா இருந்துச்சு."

அந்த அடுத்த தடவை அவருக்கு வரவில்லை. நிமோனியா மற்ற நுரையீரலுக்கும் பரவி, ஐசியூவில் ஐந்து நாள் கிடந்தார். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா. ஆனா, இந்த மாதிரி வந்தா காத்திருக்கக் கூடாது" என்றார். அவர் பொய் சொல்லித் தேற்றாததற்கு நன்றி. அந்த ஒன்றரை மணி நேரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

போன வாரம் லைனில் புதிதாகச் சேர்ந்த ஷாமினி இருமிவிட்டு விலாவைப் பிடித்தாள். உடனே நான்கு தைலக் குப்பிகள் வெளியே வந்தன. எல்லாவற்றையும் கையால் மறித்துவிட்டு முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வண்டி வரும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் மெல்லத் தேய்த்தேன், அழுத்தாமல். படம் எடுத்துப் பார்த்ததில் வெறும் சதைப்பிடிப்பாம். மறுநாள் அவள் வேலைக்கு வந்ததும் லைனே என்னைக் கேலி செய்தது. "மேகலாக்காகிட்ட தும்மிடாதீங்க லா, சைரன் வந்துடும்!" நானும் சிரித்தேன்.

இதைவிட நன்றாகக் கேலி செய்யக்கூடிய ஒருவர் லைனின் அந்தக் கோடியில் நின்றிருக்க வேண்டும். என்னையறியாமல் அந்தப் பக்கம் திரும்பினேன். காது அடைப்பானைக்கூடக் கழற்றிக்கொண்டு, இரண்டு குட்டை, ஒரு நெட்டைக்காகக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பெட்டிகளைக் கட்டத் தொடங்கினேன்.