ஆண்டாளின் புகாரை மூட மறுத்தவர்

ரேவதி அக்கா இறந்த செய்தி தொலைபேசியில் வந்தபோது, ராஜபாளையத்தில் எங்கள் அலுவலகத்தில் பால்கோவா பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். பஞ்சாலைகளுக்காக நாங்கள் எழுதும் மென்பொருளில் தீராத புகார் ஒன்றுகூட இல்லை என்று கணினி காட்டிய நாள் அது. மேலாளர் ரிசீவரை வைத்துவிட்டு, "நம்ம ரேவதி போயிருச்சாம்பா. மஞ்சக்காமாலையாம்" என்றார். பிறகு தட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தது.

அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். எண்பதுகளின் கடைசியில், தட்டச்சு தெரியும் என்பதற்காக வேலைக்கு எடுக்கப்பட்டவர். சில வருடங்களில் புகார்ப் பிரிவு முழுக்க அவர் கைக்கு வந்தது. தொழிலாளர்களின் வருகை, சம்பளம், மருத்துவ அட்டை எல்லாவற்றையும் பல ஆலைகளில் எங்கள் மென்பொருள்தான் பார்த்தது. அது செய்யும் தவறுகளுக்கெல்லாம் ஏச்சு வாங்கியது அவர் காது.

இனிமையானவர் என்று எழுதினால் அவரே எழுந்து வந்து திட்டுவார். பழைய புகார் ஒவ்வொன்றையும் மறுபடி ஓட்டிப் பார்ப்பார். தவறு இப்போது வரவில்லையென்றால் ஈவிரக்கமில்லாமல் மூடுவார். "அண்ணாச்சி, பிரிண்டர்ல ரிப்பன் மாத்தத் துப்பில்லாம எங்களத் திட்டாதீக. மூடிட்டேன், போனை வைங்க" என்பார். இவ்வளவு கறார் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "ஏலே, செத்ததப் பொதைக்கணும். இல்லேன்னா குவியலுக்குள்ள உசுரோட கெடக்குறது கண்ணுக்குத் தெரியாது" என்றார்.

இரண்டு வருடங்களுக்கு முன் மேலாளர் ஒரு விதி கொண்டுவந்தார். கொடுத்தவர் மூன்று மாதம் திரும்பக் கேட்காத புகார் தீர்ந்ததாகக் கொள்ளப்படும். ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

"கேக்க ஆளில்லேன்னா கொறை போயிருச்சா சார்? பொணங்கூடத்தான் சத்தம் போடாது" என்றார் அக்கா.

அந்த விதியில் மூட வேண்டியிருந்தவற்றில் ஒன்று ஆண்டாளின் புகார். எங்கள் பக்கத்து ஆலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாலு ஆண்டாள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களில் இருவருக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒன்று. பிறந்த நாளும் ஒன்று. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டுவிடும் ஜூன் முதல் தேதி. எங்கள் மென்பொருளுக்கு இருவரும் ஒரே ஆள். கல்யாணமாகி ஒருத்தி வேலையை விட்டதும், இன்னொருத்தியும் விட்டவளாகிவிட்டாள். ஆலையில் அவளுக்குக் கையால் எழுதிச் சம்பளம் கொடுத்துச் சமாளித்தார்கள். மருத்துவ அட்டையைக் கையால் எழுத முடியாது. பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை மருத்துவமனையில் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

அக்கா ஓட்டிப் பார்த்தார். தவறு அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளைத் தேடிப் போனார். நானும் போயிருந்தேன்.

"ஏட்டி, பொறவு ஏன் நீ கேக்கவே இல்ல?"

"எத்தன தடவதான் கேக்க? கேக்கப் போனா, கணக்குல நீ வேலைய விட்டவதான், அப்படியே போயிரேங்காரு சூப்பர்வைசர்."

மறுநாள் அக்கா மேலாளர் அறையில் நின்றார். ஆளை அடையாளம் காணும் முறையையே மாற்ற வேண்டும், எல்லா ஆலைகளிலும் மாற்ற வேண்டும், மாதக்கணக்கில் வேலை என்று அவருக்கும் தெரியும். மேலாளர் சிரித்தார். "அந்தப் பொண்ணே மறந்துட்டா, நீ எதுக்கும்மா தோண்டுற? புதுசா சேந்த மாதிரி பதிஞ்சு விடு." அப்படிப் பதிந்தால் அவளுடைய பழைய வருடங்கள் அழியும், அட்டைக்கு ஆரம்பத்திலிருந்து காத்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து எங்கள் நிறுவனத்தை வாங்க வருகிறவர்களுக்குப் புகார்ப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். மேலாளருக்கு அவ்வளவுதான் கவலை.

"அவ இருமுறது நிக்கட்டும் சார், நானே மூடுறேன்" என்றார் அக்கா. அந்த வாரமே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்த விதிக்குள் வந்த புகார்களை யாரோ ஒரே பொத்தானைத் தட்டி மூடினார்கள். அன்றிலிருந்து கடைசிவரை அக்கா கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வக்கீல்களுக்கு மனு தட்டச்சு செய்தார். நான் போனபோதெல்லாம் முதலில் கேட்டது, "ஆண்டாளுக்கு அட்ட வந்துச்சா?"

அடக்கத்துக்கு மேலாளர் ஆளுயர மாலையோடு வந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்து, "யார்கிட்டயும் ஒரு கொறை சொல்லாத பொண்ணு" என்றார். தலைமாட்டிலிருந்து அக்காவின் அம்மா நிமிர்ந்தார். "எம்மக கொறைய மட்டுந்தான்யா சொன்னா. அதுக்குத்தான வெரட்டி விட்டீக." மேலாளர் செருப்பைத் தேடினார்.

தெருமுனையில், மின்கம்பத்தைப் பிடித்தபடி ஆண்டாள் நின்றிருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"அட்டை?" என்று கேட்டேன்.

"நாந்தான் வேலைய விட்டவளாச்சே" என்றாள். சிரிக்கப் போய் இருமினாள். பாடை அவளைக் கடந்து போயிற்று. சங்கு நின்ற பிறகும் அந்த இருமல் நிற்கவில்லை.

அலுவலகம் திரும்பி அந்தப் புகாரை மறுபடி பதிந்தேன். காலியான பட்டியலில் அது ஒன்றுதான். மறுநாள் காலை மூடப்பட்டிருந்தது. திரும்பவும் பதிந்தேன். "ஒனக்கும் கோர்ட்டுப் பக்கம் போகணுமாடா?" என்றார் மேலாளர். இதை எழுதுகிற இன்றும் பதிந்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போய் வாருங்கள் அக்கா. அவள் இன்னும் இருமுகிறாள்.